பழைய டிஸ்க்கே போதுமா, புதுசு வாங்கலாமா? காசு போடறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதெல்லாம்

எங்க வீட்டு ஷெல்ஃப்ல ஒரே படம் மூணு தடவ இருக்கு. மொதல்ல வாங்குனது விசிடி, ரெண்டு சிடி, ரெண்டாவது சிடி கிளைமாக்ஸ்ல சிக்கிக்கும். அப்பால டிவிடி. அப்பால ப்ளூ-ரே. மூணாவதா வந்தத போட்டுட்டு பெருமையா அம்மாவ கூப்ட்டு உக்கார வச்சேன், அஞ்சு நிமிஷம் பாத்தாங்க, "இன்னாடா இது, அதே படம் தான, ஏன் எல்லார் மூஞ்சியும் வழவழன்னு கீது"ன்னு கேட்டுட்டு எழுந்து போய்ட்டாங்க. எனக்கு அப்போ கோவம் தான் வந்துச்சு. ராத்திரி தனியா உக்காந்து பழைய டிவிடியையும் புதுசையும் மாத்தி மாத்தி போட்டு பாத்தப்போ தான் தெரிஞ்சுது, அம்மா சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட்டு. கம்பெனி பேர் வேணாம், டிவிடிக்கு எடுத்த அதே மாஸ்டர, அதாவது டிஸ்க் போடறதுக்கு மூலமா வச்சிருக்கற காப்பிய, இழுத்து பெருசாக்கி, மேல கொஞ்சம் தேய்ச்சு, ப்ளூ-ரே டிஸ்க்குல ஏத்தி வித்துட்டாங்க. அட்டையில மட்டும் "டிஜிட்டல் ரீமாஸ்டர்"னு கோல்டு எழுத்து.

அதுக்கப்பறம் எந்த டிஸ்க்க வாங்கறதா இருந்தாலும் ஒரு வரிசையா சில விஷயங்கள பாக்காம காசு போடறதில்ல. அதத்தான் இங்க முழுசா எழுதறேன், தமிழ்ப் படம் இங்கிலீஷ் படம் ரெண்டுக்கும் சேத்து. ஒன்னு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன், நீங்க வாங்கறது டிஸ்க் இல்ல, அந்த டிஸ்க்குக்கு பின்னாடி இருக்கற மாஸ்டர். 4கே (ப்ளூ-ரேய விட நாலு மடங்கு புள்ளி), அல்ட்ரா, ரீஸ்டோர்டுன்னு அட்டையில என்ன எழுதியிருந்தாலும் படத்த எதுலருந்து எடுத்தாங்க, எடுத்தப்பறம் அத என்ன பண்ணாங்க, இந்த ரெண்டு கேள்விக்கு பதில் கிடைச்சா போதும், மீதி எல்லாம் உங்க ஹால், உங்க டிவி, உங்க பர்ஸ் சம்பந்தப்பட்டது.

ஸ்டெப் 1: கையில இருக்கறது என்னன்னு மொதல்ல பாருங்க

யாரும் இத பண்றதில்ல. புதுசு எவ்ளோ நல்லா இருக்குன்னு தேடுவாங்க, பழசு எவ்ளோ மோசம்னு பாக்க மாட்டாங்க.

விசிடின்னா பேச்சே வேணாம், அதுல மொத்தமே 352க்கு 288 புள்ளி தான், ஒழுங்கா எடுத்த எந்த டிஸ்க்குக்கு மாறினாலும் லாபம். டிவிடி தான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேஸ். நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) டிவிடியில 720க்கு 576 இருக்கும். ஆனா சினிமாஸ்கோப்னு சொல்ற ரொம்ப அகலமான படத்த அதுல எப்படி அடைச்சாங்கங்கறதுல தான் விஷயமே. பழைய தமிழ் டிவிடி நெறைய பழைய டப்பா டிவி அளவுக்கு, மேலயும் கீழயும் கருப்பு பட்டையோட சேத்து ரெக்கார்டு பண்ணது. அத இப்போ இருக்கற அகல டிவியில போட்டா நாலு பக்கமும் கருப்பு, நடுவுல ஜன்னல் மாதிரி படம். அப்படி வந்துச்சுன்னா கணக்கு போடுங்க, 576 கோட்டுல படத்துக்குன்னு மிச்சம் இருக்கறது வெறும் 327 கோடு சொச்சம், மீதி எல்லாம் கருப்பு பட்டைக்கு போயிடுச்சு. அனமார்ஃபிக்னு சொல்ற அகல டிவிக்கான டிவிடியா இருந்தா அதே படத்துக்கு 436 கோடு கிடைக்கும். ப்ளூ-ரேல அதே ஸ்கோப் படத்துக்கு 800க்கு மேல. ஆக ஜன்னல் டிவிடி வச்சிருக்கறவங்களுக்கு சுமாரான ப்ளூ-ரே கூட பெரிய முன்னேற்றம், நல்ல அனமார்ஃபிக் டிவிடி வச்சிருக்கறவங்க கொஞ்சம் நிதானமா யோசிக்கலாம்.

அப்பறம் அந்த "3 இன் 1" டிவிடிங்க. 2007 வாக்குல மோசர் பேர்ங்கற டிஸ்க் கம்பெனிக்காரங்க விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபான்னு இறக்கி விட்டப்பறம் மார்க்கெட்டே மாறிப்போச்சு, ஒரே டிவிடியில மூணு படம்னு போட்டா தான் விக்கும்ங்கற நெலம. ரெட்ட லேயர் டிவிடி 8.5 ஜிபி. ரெண்டரை மணி நேர படம் மூணு அதுல போனா ஒரு செகண்டுக்கு சவுண்டையும் சேத்து 2.5 மெகாபிட் தான் வரும். ஒத்த லேயர் 4.7 ஜிபியில திணிச்சிருந்தா 1.4, அது கிட்டத்தட்ட விசிடி ரேட்டு. டிவிடியில படத்துக்கு மட்டும் 9.8 வரைக்கும் போக இடம் இருக்கறப்போ இது. மழ சீன், கூட்டம், வேகமான சண்ட வரும்போது கட்டம் கட்டமா உடையுதா, இது தான் காரணம்.

ஸ்டெப் 2: சென்சார் சர்டிஃபிகேட்ட நிறுத்தி படிங்க

இது என்னோட ஃபேவரிட். படம் ஆரம்பத்துல வர்ற சர்டிஃபிகேட்ட நாம யாரும் படிக்கறதில்ல, யூவா யூ/ஏவான்னு மட்டும் பாத்துட்டு விட்டுடுவோம். ஃபிலிம் காலத்து படம்னா அதுல நீளம் மீட்டர்ல போட்டிருப்பாங்க, எத்தன ரீலுன்னும் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், அதாவது 27.4 மீட்டர். மீட்டர 27.4ஆல வகுத்தா தியேட்டர்ல ஓடுன நிமிஷம் வந்துடும். 4,115 மீட்டர்னு இருந்தா 150 நிமிஷம்.

இப்போ உங்க டிஸ்க் எவ்ளோ நேரம் ஓடுதுன்னு பாருங்க. 150 இருந்தா முழு படம், சரியான வேகம். 144 இருந்தா அது பால் வேகம். ஃபிலிம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், பால் வீடியோ 25, அதனால 24ஐ 25ஆ ஓட்டிடுவாங்க, படம் நாலு பர்சென்ட் சீக்கிரம் முடிஞ்சிடும். படம் வேகமா போறது கண்ணுக்கு தெரியாது, காதுக்கு தெரியும். பாட்டெல்லாம் அரைக் கட்டைக்கு கொஞ்சம் கம்மியா சுருதி ஏறி கேக்கும், கேசட்ல கேட்டு கேட்டு தேஞ்ச பாட்டா இருந்தா உடனே பிடிபடும், பாடறவருக்கு ஜலதோஷம் சரியாப் போன மாதிரி ஒரு குரல். 135, 138ன்னு இருந்தா எங்கயோ வெட்டியிருக்காங்க. எங்கன்னு கேக்கவே வேணாம், பாட்டு இல்லன்னா காமெடி டிராக்கு.

ப்ளூ-ரே ஒழுங்கானதுன்னா 24 ஃப்ரேம்லயே ஓடும், அதனால நேரம் சர்டிஃபிகேட்டோட ஒத்து போகணும். ப்ளூ-ரே வந்தும் அதே 144 நிமிஷம், பின்னட்டையில 1080i-ன்னு (ஒவ்வொரு ஃப்ரேமையும் ரெண்டு பாதியா பிரிச்சு காட்டற டிவி முறை) எழுதியிருக்குன்னா சந்தேகப்படுங்க. அது பெரும்பாலும் டிவிக்காக பால் முறையில எடுத்த பழைய வீடியோ மாஸ்டர். நான் ஏமாந்தது இதுல தான், ரெண்டு டிஸ்க்கும் செகண்டு மாறாம ஒரே நேரத்துல முடிஞ்சுது, அப்பவே மணி அடிச்சிருக்கணும்.

ஸ்டெப் 3: எதுலருந்து எடுத்தாங்க

ஃபிலிம் காலத்துல ஒரு படத்துக்கு கேமராவுல ஓடுன நெகட்டிவ் தான் மூலம். அதுலருந்து இன்டர்பாசிட்டிவ், அதுலருந்து டூப் நெகட்டிவ், அதுலருந்து தியேட்டருக்கு போற பிரிண்ட். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுக்கற மாதிரி, ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் போயிக்கினே இருக்கும். நெகட்டிவ்லருந்து புதுசா ஸ்கேன் பண்ண டிஸ்க்கு தான் தங்கம். பிரிண்ட்லருந்து எடுத்தத 4கேல போட்டாலும் அந்த பிரிண்ட்ல இருக்கறது தான வரும்.

இங்கிலீஷ் படத்துக்கு பெரும்பாலும் அட்டையிலயோ உள்ள இருக்கற புக்லெட்லயோ எழுதியிருப்பாங்க. லாரன்ஸ் ஆஃப் அரேபியாவோட 65 எம்எம் நெகட்டிவ 8கேல ஸ்கேன் பண்ணி 4கேல ரீஸ்டோர் பண்ணாங்க, 2012 ப்ளூ-ரேவே அதுலருந்து வந்தது தான், அப்பால 2020ல 4கே டிஸ்க்கும் வந்துச்சு. படம் 1962து. பழைய படம் 4கேல என்னாத்த தெரியப்போகுதுன்னு கேக்கறவங்களுக்கு இது தான் பதில், நல்ல நெகட்டிவ்ல இருக்கற விவரத்துக்கு ப்ளூ-ரேவோட 1080 கோடு பத்தாது. இன்னொரு கோடியில சத்யஜித் ரேயோட அப்பு படங்கள். 1993ல லண்டன் லேப்ல தீ பிடிச்சு நெகட்டிவ் எரிஞ்சு போச்சு, எரிஞ்சு சுருண்டத இத்தாலியில பொலோனியாவுல இருக்கற லேப்ல பக்குவம் பண்ணி, தேறுன துண்ட ஸ்கேன் பண்ணி, தேறாத இடத்துக்கு வேற நல்ல காப்பியிலருந்து எடுத்து ஒட்டி 2015ல கொண்டு வந்தாங்க. அந்த டிஸ்க்குல சில சீன் ஜம்முனு இருக்கும், அடுத்த சீன் கொஞ்சம் மங்கும். அது குறை இல்ல, அது தான் மிச்சம் இருந்தது.

தமிழ்ப் படத்துக்கு யாரும் இதெல்லாம் எழுதி வைக்கறதில்ல. நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏசி இல்லாத குடோன்ல கெடந்த அசிடேட் ஃபிலிம் வினிகர் வாசம் அடிச்சு சுருண்டு போயிடும், நெறைய படத்துக்கு நெகட்டிவே கெடையாது. அப்போ கண்ணால தான் கண்டுபிடிக்கணும், அதுக்கு மூணு அடையாளம் சொல்றேன்.

மொதல் அடையாளம், மேல வலது மூலையில ஒரு வட்டப்புள்ளி சட்டுனு வந்து போகும், ஏழு செகண்டு கழிச்சு திரும்ப ஒன்னு. ஆபரேட்டர் அடுத்த புரொஜெக்டருக்கு மாத்தறதுக்கான சிக்னல் அது. சுமார் இருவது நிமிஷத்துக்கு ஒரு தடவ அது தெரிஞ்சா தியேட்டர்ல ஓடுன பிரிண்ட ஸ்கேன் பண்ணிருக்காங்கன்னு வச்சுக்கோங்க. அடுத்தது தூசியோட கலர். நெகட்டிவ்ல ஒட்டுன தூசி படத்துல வெள்ளப் புள்ளியா வரும், பிரிண்ட்ல ஒட்டுனது கருப்பா வரும். கருப்பு புள்ளியும் நெட்டுக்கு கோடும் நெறைய இருந்தா பிரிண்ட். கடைசியா ஒவ்வொரு ரீல் முடியற இடத்துலயும் கீறல் ஜாஸ்தியாகி, சவுண்டு கரகரன்னு வந்து, ஒரு வார்த்தை முழுங்கிட்டு அடுத்த ரீல் க்ளீனா ஆரம்பிக்கும். தியேட்டர்ல உக்காந்தவங்களுக்கு இது தானா தெரியும்.

ஃபிலிம்ல எடுத்து கம்ப்யூட்டர்ல கலர் பண்ண காலம் ஒன்னு இருக்கு, 2000க்கு மேல சுமார் பதினஞ்சு வருஷம், டிஐன்னு சொல்லுவாங்க. அப்போ பெரும்பாலும் 2கேல, அதாவது கிட்டத்தட்ட ப்ளூ-ரே அளவுல தான் முடிச்சாங்க, ஹாலிவுட்லயும் சரி இங்கயும் சரி. அந்த 2கே மாஸ்டர்லருந்து 4கே டிஸ்க் போட்டா அது பெருசாக்குனது தான், புது நுணுக்கம் வானத்துலருந்து வராது. எச்டிஆர்ல, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைவெளிய அதிகமா காட்டற முறையில, வெளிச்சமும் கலரும் கொஞ்சம் கூடி வரலாம். நல்ல ப்ளூ-ரே கையில இருந்தா இந்த மாதிரி படத்துக்கு நான் அப்கிரேடு பண்றதே இல்ல.

ஸ்டெப் 4: சுண்ணாம்பு பூசிருக்காங்களான்னு பாருங்க

இது தான் பெரிய ஸ்டெப்பு. எங்க ஊர் வேலூர் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு போயிருப்பீங்க. அந்த தூண்ல யாளியோட பல்லு, குதிர மேல உக்காந்திருக்கறவன் கையில பிடிச்ச கடிவாளம் வரைக்கும் உளி வேல தெரியும். அது மேல யாராவது நாலு கோட்டு சுண்ணாம்பு அடிச்சு, சுண்ணாம்பு மேல கருப்பு பெயிண்டால கண்ணு மீச வரைஞ்சு வச்சா எப்படி இருக்கும், எத்தனையோ ஊர் கோயில்ல பண்ணி வச்சிருக்காங்களே, டிஸ்க்குலயும் அதே கூத்து தான் நடக்குது.

ஃபிலிம்ல கிரெயின் இருக்கும், பொடி ரவை தூவுன மாதிரி படம் முழுக்க லேசா துடிச்சுக்கினே இருக்கும். அது அழுக்கு இல்ல. படமே அந்த மணியால தான் ஆனது. அத சுத்தமா எடுக்கணும்னு நாய்ஸ் ரிடக்ஷன் போட்டா தோல்ல இருக்கற துளை, மீச முடி, சட்டத் துணியோட நெசவு எல்லாம் சேந்து போயிடும், மிஞ்சறது மெழுகு பொம்ம. இது தான் சுண்ணாம்பு. அப்பால படம் மொழுக்குனு ஆயிடுச்சேன்னு பயந்து ஷார்ப்னெஸ்ஸ ஏத்துவாங்க, உடனே ஆள் ஓரத்த சுத்தி வெள்ளையா ஒரு கோடு வரும், வில்லனுக்கு கூட சாமி படத்துல வர்ற மாதிரி ஒளிவட்டம். இது தான் கருப்பு பெயிண்டு.

பெரிய கம்பெனி பண்ணாதுன்னு நெனைக்காதீங்க. பிரிடேட்டர் படத்துக்கு 2010ல வந்த ப்ளூ-ரே இதுக்கு உலகப் புகழ், அர்னால்டு மூஞ்சி பிளாஸ்டிக்ல வார்த்த மாதிரி இருக்கும், முன்னாடி வந்த சாதாரண ப்ளூ-ரேவே தேவலன்னு ஜனங்க திரும்ப தேடுனாங்க. டெர்மினேட்டர் 2க்கு 2017ல வந்த 4கேயும் 3டி ரிலீஸுக்காக தேய்ச்ச மாஸ்டர் தான். கிளாடியேட்டருக்கு 2009ல வந்த ப்ளூ-ரேவ எல்லாரும் திட்டி அடுத்த வருஷமே சரி பண்ணி வேற விட்டாங்க, ரெண்டுக்கும் படம் ஒன்னு தான், மாஸ்டர் வேற. புதுசு நல்லதுன்னு அர்த்தமே இல்ல.

எப்படி டெஸ்ட் பண்றது? ஸ்க்ரீன்ஷாட் கம்பேரிசன் இன்டர்நெட்ல பெரும்பாலான படத்துக்கு கிடைக்கும், ரெண்டு டிஸ்க்கோட அதே ஃப்ரேம பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கலாம். ஃபோன்ல பாக்காதீங்க, ஃபோன்ல எல்லாமே நல்லா தான் இருக்கும், லேப்டாப்லயோ டிவியிலயோ முழு அளவுல பாருங்க. ஹீரோயினோட க்ளோசப்ப பாத்து ஏமாறாதீங்க, அங்க மேக்கப்பும் சாஃப்ட் ஃபில்டரும் அப்பவே போட்டிருப்பாங்க. நான் பாக்கறது பட்டுப்புடவ ஜரிக. ஆரணிப் பட்டு கட்டிக்கினு யாராவது கல்யாண சீன்ல உக்காந்திருந்தா அந்த பார்டர பாருங்க, ஜரிக இழ தனித்தனியா மின்னுதா, இல்ல மஞ்ச பெயிண்ட் அடிச்ச பட்ட மாதிரி இருக்கான்னு. அடுத்தது தூரத்துல இருக்கற மரம், புல்லு, ஓட்டு வீட்டு கூர. பெருசாக்குன டிவிடின்னா மரம் பச்ச களி மாதிரி இருக்கும். மூணாவது டைட்டில் எழுத்து, ஓரம் கத்தி மாதிரி இருக்கணும், ஒளிவட்டம் இருந்தா மீதிய பாக்கவே வேணாம்.

ஸ்டில்லுல கிரெயின் அசிங்கமா தெரியும், ஓட விட்டா தான் அது உயிரோட இருக்கும். அதனால ஒரு ஸ்டில்ல பார்த்துட்டு "புள்ளி புள்ளியா இருக்கு, க்ளியரா இல்ல"ன்னு ரிவ்யூ எழுதறவங்கள நம்பாதீங்க. எச்டிஆர் டிஸ்க்கோட ஸ்க்ரீன்ஷாட்டும் சாதாரண மானிட்டர்ல கலர் வெளுத்தோ இருட்டாவோ தெரியும், அதுல நுணுக்கத்த மட்டும் ஒப்பிடுங்க, வெளிச்சத்த வச்சு முடிவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 5: தல வெட்டிருக்கா, கால் வெட்டிருக்கா

தமிழ்ல மொதல் சினிமாஸ்கோப் படம் 1973ல வந்த ராஜராஜ சோழன். அதுக்கு முன்னாடி வந்த படங்க எல்லாம் கிட்டத்தட்ட சதுரமா, 1.37க்கு 1ன்னு இருக்கும். அந்தக் காலத்து படத்த வாங்கறீங்க, டிவியில போட்டா இடம் வலம் கருப்பே இல்லாம டிவி நெறைய வருதுன்னா சந்தோஷப்படாதீங்க. ஒன்னு ஆள குண்டாக்கி இழுத்திருக்காங்க, இல்ல மேலயும் கீழயும் வெட்டியிருக்காங்க. 1.37 படத்த 16க்கு 9 டிவிய நெறப்ப வெட்டினா உயரத்துல 23 பர்சென்ட் போயிடும், கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. ஸ்கோப்புக்கு வெட்டினா அதவிட மோசம். பரதநாட்டியம் ஆடற சீன்ல பாதமே இல்லன்னா அப்பறம் என்னாத்துக்கு அந்த டிஸ்க்கு? கிரீடம் வச்ச ராஜாவுக்கு கிரீடம் பாதி, சலங்க கட்டுன காலு இல்ல. பழைய டிவிடி மங்கலா இருந்தாலும் முழு ஃப்ரேம் இருந்தா நான் அதத்தான் வச்சுக்குவேன்.

ஸ்டெப் 6: கலர், மல்லிப்பூ டெஸ்ட்டு

ரீமாஸ்டர் பண்றப்போ இப்போ இருக்கற ஃபேஷனுக்கு நீலமும் ஆரஞ்சும் ஏத்தறது ஒரு வியாதி. லார்டு ஆஃப் தி ரிங்ஸ் மொதல் பாகத்துக்கு 2011ல வந்த நீளமான வெர்ஷன் ப்ளூ-ரேல படம் முழுக்க லேசா பச்ச படிஞ்சிருக்கும், பனிமல கூட பச்ச. மேட்ரிக்ஸ்ல தலைகீழ், பழைய ப்ளூ-ரேல பச்ச ஓவரா ஏத்தி, 2018 4கேல தான் தியேட்டர்ல இருந்த அளவுக்கு குறைச்சாங்க. நம்ம படத்துக்கு சிம்பிளா வெள்ள வேட்டியையும் தலையில வச்ச மல்லிப்பூவையும் பாருங்க. பகல் வெளிச்சத்துல மல்லி வெள்ளையா இருக்கணும், அது கனகாம்பரம் சாயல்ல இருந்தா கலர் பண்ணவருக்கு கை அரிச்சிருக்குன்னு அர்த்தம்.

ஸ்டெப் 7: சவுண்டு

ப்ளூ-ரேல வர்ற டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, டால்பி ட்ரூஎச்டி ரெண்டும் ஒன்னும் குறைக்காம வர்ற சவுண்டு, டிவிடியில டால்பி 448 கிலோபிட்டோட நின்னுடும். கேக்க பெரிய வித்தியாசம். ஆனா உங்க சவுண்ட்பார் எப்படி கனெக்ட் ஆகியிருக்குன்னு பாருங்க, ஆப்டிகல் வயர்னாலோ சாதா ஏஆர்சின்னாலோ (டிவியிலருந்து எச்டிஎம்ஐ வயர் வழியா சவுண்டு திரும்பி வர்ற முறை) இந்த முழு சவுண்டு அதுல போகாது, சுருக்குனது தான் போகும். அதோட புது வெர்ஷன் இஏஆர்சி வேணும், இல்ல ப்ளேயர்லருந்து நேரா ரிசீவருக்கு குடுக்கணும்.

பழைய தமிழ்ப் படத்துல வேற பிரச்சன. எண்பதுகள்ல வந்த படங்க கூட பெரும்பாலும் மோனோ, ஒரே சேனல் சவுண்டு தான். அத ஆறு ஸ்பீக்கருக்கு பிரிச்ச 5.1 ஆக்கறோம்னு இடி சத்தம், குதிர சத்தம், கத்தி சத்தம் எல்லாம் புதுசா சேத்து, பாட்டுல தபேலாவ எடுத்துட்டு புது டிரம்ஸ் போட்டு வச்சிருப்பாங்க. ஒரிஜினல் மோனோவும் கூட இருந்தா வாங்குங்க, 5.1 மட்டும் தான்னா ஒரு பாட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்டெப் 8: டேப்ப எடுத்துக்கினு ஹால அளங்க

இத மொதல் ஸ்டெப்பாவே வச்சிருக்கணும், வச்சிருந்தா பாதிப்பேர் இங்கயே திரும்பி போயிருப்பீங்க. நல்ல கண்ணு இருக்கறவருக்கு 43 இன்ச் டிவியில அஞ்சரை அடிக்கு மேல தள்ளி உக்காந்தா 1080க்கும் 4கேவுக்கும் புள்ளி வித்தியாசம் தெரியாது. 55 இன்ச்சுக்கு ஏழு அடி. 65க்கு எட்டரை. எங்க வீடு சத்துவாச்சாரியில, ஹால் பத்து அடி, டிவி 43. சோபா சுவத்த ஒட்டி இருக்கு, அம்மா அத நகத்த விடமாட்டாங்க. ஆக எனக்கு 4கேல கிடைக்கற எக்ஸ்ட்ரா நுணுக்கம் பூஜ்யம். 32 இன்ச்ச பத்து அடி தள்ளி பாக்கறவங்களுக்கு நல்ல அனமார்ஃபிக் டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் கூட நுணுக்கத்துல கம்மியா தான் வித்தியாசம் தெரியும்.

எச்டிஆர் இருக்கேன்னு சொல்லுவாங்க. டிஸ்க்க 1000 நிட்ஸ் (வெளிச்சத்தோட அளவு), சிலத 4000 நிட்ஸ்னு மாஸ்டர் பண்ணிருப்பாங்க, நாம பண்டிக ஆஃபர்ல வாங்குன டிவி 300 நிட்ஸ தாண்டாது, பொட்டியில மட்டும் எச்டிஆர் ஸ்டிக்கர். அந்த டிவி எல்லாத்தையும் அமுக்கி இருட்டாக்கி தான் காட்டும். மே மாசம் மத்தியானம் நம்ம ஊர் வெயில் ஜன்னல் வழியா உள்ள வர்ற ஹால்ல எச்டிஆர் படத்தோட இருட்டு சீன போட்டுட்டு ஒன்னும் தெரியலன்னு டிஸ்க்க திட்டாதீங்க.

ப்ளேயர் பத்தி ஒரு வார்த்த. 4கே டிஸ்க்குக்கு 4கே ப்ளேயர் தனியா வேணும், பழைய ப்ளூ-ரே ப்ளேயர்ல ஓடாது. பிளேஸ்டேஷன் 4ல ஓடாது, ப்ரோ மாடல்லயும் ஓடாது, 5லயும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்லயும் டிரைவ் இருக்கற மாடல்ல ஓடும். ஆப்போ 2018லயே ப்ளேயர் பண்றத நிறுத்திட்டாங்க, சாம்சங்கும் அதுக்கடுத்த வருஷம் ஒதுங்கிட்டாங்க, கடையில கெடைக்கறப்போ வாங்கி வைக்கறது நல்லது. ரீஜன் கவனம், அதாவது எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடும்ங்கற பூட்டு: இந்தியா டிவிடிக்கு 5, ப்ளூ-ரேக்கு சி. அமெரிக்கா ப்ளூ-ரே ஏ, லண்டன்லருந்து மாமா கொண்டு வர்றது பி. பூட்டு போடாத டிஸ்க் நெறைய உண்டு, ஆனா செக் பண்ணாம வாங்கினா டீ கப்புக்கு கீழ வைக்க தான் ஆகும். 4கே டிஸ்க்குக்கு ரீஜனே கெடையாது, ஆனா கூட வர்ற ப்ளூ-ரேக்கு இருக்கலாம். அந்த கூட வர்ற ப்ளூ-ரேயும் சில சமயம் பத்து வருஷத்துக்கு முன்னாடி விட்ட அதே பழைய மாஸ்டர் தான், 4கே ப்ளேயர் இல்லாம "அப்பறம் வாங்கிக்கலாம்"னு செட்டு வாங்கறவங்க இத பாருங்க.

அப்போ எப்போ வாங்கலாம்?

விசிடியோ, ஜன்னல் டிவிடியோ, 3 இன் 1ஓ வச்சிருக்கீங்க, புது ப்ளூ-ரே 24 ஃப்ரேம்ல, முழு ஃப்ரேமோட, சுண்ணாம்பு இல்லாம வந்திருக்கு: வாங்குங்க, யோசிக்காதீங்க. நல்ல டிவிடி இருக்கு, ப்ளூ-ரே புது ஸ்கேன்னு உறுதியா தெரியல: யாராவது வாங்கி ஸ்க்ரீன்ஷாட் போடற வரைக்கும் காத்திருங்க, டிஸ்க் எங்கயும் ஓடிடாது. நல்ல ப்ளூ-ரே இருக்கு, 4கே வந்திருக்கு: நெகட்டிவ்லருந்து புது 4கே ஸ்கேனா இருக்கணும், டிவி 55க்கு மேல இருக்கணும், நீங்க கிட்ட உக்காரணும், மூணும் இருந்தா மட்டும். இதுக்கு மேல ஒரு கேள்வி, அந்த படத்த கடைசியா எப்போ பாத்தீங்க? மூணு வருஷமா ஷெல்ஃப்லருந்தே எடுக்கலன்னா எந்த ரெசல்யூஷனும் வேணாம்.

டிஸ்க் கைக்கு வந்ததும்

கொரியர் பிரிக்கறத வீடியோ எடுத்துடுங்க, ரிட்டர்ன்ல தகராறு வந்தா உதவும். லாங்கு பஜார் பக்கம் ஒரு பாய் கடையில தான் நான் விசிடி காலத்துல வாங்குவேன், அவர் எந்த சிடிய டெஸ்ட் பண்ணாலும் ஆரம்பத்த போட மாட்டாரு, நேரா கடைசி பத்து நிமிஷத்துக்கு ஓட்டுவாரு. "கெட்டுப் போறது எப்பவும் ஓரம் தான் தம்பி"ம்பாரு. ஒத்த லேயர் டிஸ்க் உள்ளருந்து வெளிய ஓடும், அதனால படத்தோட முடிவு வெளி ஓரத்துல இருக்கும், கைரேக கீறல் வளைவு எல்லாம் அங்க தான் வரும். ரெட்ட லேயர் டிவிடியிலயும் ப்ளூ-ரேலயும் மொதல் லேயர் வெளிய போயி ரெண்டாவது லேயர் திரும்பி உள்ள வரும், அதனால ஓரத்துல இருக்கறது படத்தோட நடுப்பகுதி. இன்டர்வெல்லுக்கு முன்னாடியும் பின்னாடியும் பத்து பத்து நிமிஷம் ஓட விட்டு பாருங்க, சிக்கலன்னா டிஸ்க் சரி.

பழைய டிஸ்க்க உடனே யாருக்கும் தூக்கி குடுத்துடாதீங்க. அதுல இருக்கற டைரக்டர் பேச்சு, வெட்டாத பாட்டு, மோனோ சவுண்டு புதுசுல இருக்கான்னு பாத்துட்டு குடுங்க. வைக்கற இடம் முக்கியம், மேற்கு சுவத்த ஒட்டுன ஷெல்ஃப் சித்திர மாசத்துல ராத்திரி பத்து மணிக்கும் சுடும், அங்க வேணாம். வண்டி சீட்டுக்கு கீழ, கார் டேஷ்போர்டுல வச்சிட்டு மறந்துடாதீங்க, அப்படி வச்ச என் டிவிடி ஒன்னு அப்பளம் மாதிரி வளைஞ்சு போச்சு, ட்ரேக்குள்ள போனா தடதடன்னு அடிக்குது. படுக்க வச்சு அடுக்காம பொஸ்தகம் மாதிரி நிக்க வைங்க.

என்னோட அந்த மூணாவது ப்ளூ-ரே இன்னும் ஷெல்ஃப்ல தான் இருக்கு, ஆனா படம் பாக்கணும்னா டிவிடியத் தான் போடறோம். அதுல 144 நிமிஷம், ஜலதோஷம் சரியான குரல் எல்லாம் இருக்கு, ஆனா அம்மாவுக்கு மூஞ்சி மூஞ்சியா தெரியுதாம்.